அன்று வலிக்கவில்லை, இன்று எழ முடியவில்லை

கேள்வி: சிக்னலில் நின்றிருந்த என் காரைப் பின்னால் வந்த கார் இடித்துவிட்டது. "அடி ஏதும் பட்டதா?" என்று கேட்டவர்களிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை இடுப்பைப் பிடித்துக்கொண்டது, எழவே முடியவில்லை. இன்ஷூரன்ஸில் "அன்றே ஏன் சொல்லவில்லை?" என்று சந்தேகமாகக் கேட்கிறார்கள். இப்போது ஒரு தொகை தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். "முழுமையாகத் தீர்த்துக்கொண்டேன்" என்ற வாசகம் பெரும்பாலும் அந்தத் தாளில் இருக்கும். நாளை டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் வட்டு) பிதுங்கியிருப்பது தெரியவந்தாலும் திரும்பப் போய்க் கேட்பது ரொம்பச் சிரமம்.

வலி தாமதமாக வந்ததில் பொய் எதுவும் இல்லை. இடி வாங்கிய நேரத்தில் அட்ரினலினும் எண்டார்ஃபினும் சுரந்து வலியை அமுக்கிவிடும், இழுபட்ட தசையிலும் தசைநாரிலும் வீக்கமோ மெல்லத்தான் ஏறும், அதனால் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வலி உச்சத்துக்குப் போவது சகஜம். முதன்முதலாக ஜிம்முக்குப் போனவரைக் கேட்டுப் பாருங்கள், அன்றைக்கு இல்லாத வலி இரண்டாம் நாள்தான் படியிறங்க விடாது.

ஆனால் கால் பலமிழந்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ கிளெய்மை மறந்துவிட்டு உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

அப்படி எதுவும் இல்லையென்றாலும் இன்றே டாக்டரைப் பாருங்கள். நாள் கடத்தக் கடத்த, "நடுவில் வேறெங்கோ பிடித்திருக்கும்" என்று சொல்ல இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு வசதியாகிவிடும். மருத்துவக் குறிப்பில் வெறுமனே "இடுப்பு வலி" என்று இருந்தால் போதாது. விபத்து நடந்த தேதி, பின்னாலிருந்து இடித்தது, வலி தொடங்கிய நாள் எல்லாம் அதில் ஏற வேண்டும், கேட்டு எழுதி வாங்குங்கள்.

எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்பதை வைத்து அடி இல்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அதில் எலும்புதான் தெரியும், டிஸ்க் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் வேறு ஒரு சிக்கல் உண்டு. வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களில் சுமார் 30 சதவீதம், ஐம்பது வயதுக்காரர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைப்பு இருக்கிறது. ஆகவே ரிப்போர்ட்டில் அப்படி வந்தால், "இது வயதினால் வந்த தேய்மானம்" என்ற பதில்தான் முதலில் வரும். அந்த இடத்தில் கைகொடுப்பது, விபத்துக்கு முன் உங்களால் என்ன செய்ய முடிந்தது, இப்போது என்ன முடியவில்லை என்பதுதான். தினமும் இரண்டு வரி எழுதி வையுங்கள். முன்பே இடுப்பு வலி இருந்திருந்தால் மறைக்காதீர்கள், பழைய சீட்டு ஒன்று வெளியே வந்தால் உண்மையான வலியையும் நம்ப மாட்டார்கள்.

"ஒன்றுமில்லை" என்று சொன்னதையும் மறுக்க வேண்டாம். அன்று வலிக்கவில்லை, இந்தத் தேதியில் தொடங்கியது என்று எழுத்தில் கொடுத்து, நகலை வைத்துக்கொள்ளுங்கள். கிளெய்ம் கொடுக்கக் கெடு எத்தனை நாள் என்று பாலிசியில் பாருங்கள், அது நாட்டுக்கு நாடு, பாலிசிக்குப் பாலிசி மாறும். அப்புறம், கட்டிலிலேயே படுத்துக் கிடக்காதீர்கள். டாக்டர் தடுக்காதவரை மெல்ல நடப்பதுதான் இடுப்புக்கு நல்லது.