மூன்று வாரத்தில் திரும்பி வரும் மாட்டு உண்ணி

கேள்வி: என்னிடம் மூன்று கலப்பின ஜெர்சிப் பசுக்களும், நான்கு மாதக் கிடேரிக் கன்று ஒன்றும், காவலுக்கு ஒரு நாயும் உள்ளன. இரண்டு பசுக்கள் கறவையில் இருக்கின்றன. காது, மடி, வாலடி, கால் இடுக்கு ஆகிய இடங்களில் உண்ணி மொய்க்கிறது. கையால் பிடுங்கிப் போட்டேன். வேப்பெண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து தடவினேன். கடையில் வாங்கிய மருந்தையும் ஒரு முறை தெளித்தேன். அப்போதைக்குக் குறைந்தாலும் மூன்று வாரத்தில் பழையபடி வந்துவிடுகிறது. நாயிடமிருந்துதான் பரவுகிறது என்கிறார்கள். ஊசி போட்டால் தீருமா?
– திருவண்ணாமலை மாவட்ட விவசாயி ஒருவர்

பதில்: உங்கள் கேள்வியில் "மூன்று வாரம்" என்று குறிப்பிட்டிருப்பது மிகவும் முக்கியமானது. நம் ஊர் மாடுகளில் அதிகமாகக் காணப்படும் உண்ணி, பொட்டுப் போன்ற குஞ்சாக மாட்டின் மேல் ஏறி, அதே மாட்டிலேயே இரண்டு முறை தோலுரித்து, முழு உண்ணியாக வளர்ந்து, இரத்தம் குடித்துப் பருத்துக் கீழே விழுவதற்கு ஏறத்தாழ 21 நாட்கள் ஆகின்றன. நீங்கள் மருந்து தெளித்த நாளில் மாட்டின் மேல் இருந்தவை செத்துவிட்டன. தொழுவத்தில் காத்திருந்த குஞ்சுகளோ அடுத்த சில நாட்களில் ஏறிக்கொண்டு, மூன்று வாரத்தில் உங்கள் கண்ணில் படும் அளவுக்கு வளர்ந்துவிட்டன. மருந்தின் அளவு குறைந்திருந்தாலோ, அந்த மருந்துக்கு உண்ணி பழகிப் போயிருந்தாலோ சில நாட்களிலேயே பருத்த உண்ணிகளைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே உங்கள் இடத்தில் மருந்து தோற்கவில்லை என்றும், தொழுவம் கவனிக்கப்படவில்லை என்றுமே நான் கருதுகிறேன்.

சிறு ஆமணக்கு விதை அளவுக்குப் பருத்த ஒரு பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலோ, தீவனத் தொட்டியின் அடியிலோ, சாணமும் வைக்கோலும் சேர்ந்து கிடக்கும் மூலையிலோ ஒதுங்கி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டுவிட்டு இறந்துபோகிறது. வெப்பமான காலத்தில் சுமார் மூன்று நான்கு வாரங்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. ஈரப்பதம் இருந்தால் அவை உணவே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். கையால் பிடுங்கித் தரையில் போடப்பட்ட பருத்த உண்ணியும் இதே வேலையைத்தான் செய்யும். அதைப் பிடுங்கியதில் தவறில்லை, கீழே போட்டதுதான் தவறு.

ஒன்றிரண்டு உண்ணிகளை மட்டும் எடுக்க வேண்டியிருந்தால், கையுறை அணிந்து, இடுக்கியால் தோலை ஒட்டிய பகுதியைப் பிடித்து, திருகாமல் சீராக இழுத்து எடுங்கள். எடுத்ததைச் சோப்புக் கரைசலிலோ ஸ்பிரிட்டிலோ போட்டுக் கொல்லுங்கள். விரலால் நசுக்கவே கூடாது. 2011-ஆம் ஆண்டு குஜராத்தில் மனிதர்களிடம் கண்டறியப்பட்ட கிரிமியன்–காங்கோ காய்ச்சல், கால்களில் பட்டை போட்ட மற்றொரு வகை மாட்டு உண்ணியால் பரவக்கூடியது. நசுங்கிய உண்ணியின் இரத்தம் கைப்புண் வழியாக உடலில் புகுவதும் அந்த நோய் தொற்றும் வழிகளுள் ஒன்றாகும். மண்ணெண்ணெயை இனி மாட்டின் மேல் தடவாதீர்கள். அது தோலைப் புண்ணாக்கும், மாடு நக்கினால் வயிற்றையும் கெடுக்கும். மடியில் தடவினால் பாலிலும் அதன் வாடை சேரும்.

நாயைப் பொறுத்தவரை, அதன் மேல் வளரும் பழுப்பு உண்ணி பெரும்பாலும் நாயையே நாடுவதால், உங்கள் பசுக்களின் தொல்லைக்கு அதைக் காரணமாகச் சொல்வதற்கில்லை. ஆனாலும் அந்த உண்ணி சுவரேறி வீட்டுக்குள் வரக்கூடியது, நாய்க்கும் இரத்த நோயைக் கொடுக்கக்கூடியது. எனவே நாய்க்கென்று உள்ள மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தனியாகப் பயன்படுத்துங்கள்.

இனி தொழுவத்துக்கு வருவோம். பருத்த உண்ணிகள் பெரும்பாலும் விடியற்காலையில் விழுவதால், அதிகாலையிலேயே சாணத்தையும் கழிவுத் தீவனத்தையும் கூட்டி அள்ளி, கொட்டகைக்குத் தள்ளியுள்ள எருக்குழியில் போட்டு மூடுங்கள். சுவர் வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்துச் சுண்ணாம்பு பூசுங்கள். மாட்டுக்கு மருந்து தெளிக்கும் அதே நாளில் சுவரின் அடிப்பகுதி, தூண், தரை இடுக்கு, தொட்டியின் அடிப்புறம் ஆகியவற்றிலும் நனையும்படி தெளியுங்கள். கோழிப் பண்ணைகளில் பயன்படும் தீச்சுவாலைக் கருவியைச் செங்கல் சுவரில் காட்டலாம். கூரை ஓலையாகவோ கீற்றாகவோ இருந்தால் அந்த எண்ணமே வேண்டாம். நாட்டுக்கோழிகள் தொழுவத்தைக் கிளறி உண்ணிகளைப் பொறுக்குவது நல்லதே என்றாலும், மருந்து தெளித்த பிறகு சில நாட்கள் அவற்றை உள்ளே விடாதீர்கள்.

மாட்டுக்குத் தெளிக்க, 1.25 சதவீத டெல்டாமெத்ரின் திரவம் என்றால் லிட்டருக்கு 2 மில்லி என்பது வழக்கமான அளவு. 12.5 சதவீத அமிட்ராஸ் என்றாலும் லிட்டருக்கு 2 மில்லிதான். கடையில் கிடைக்கும் திரவங்களின் அடர்த்தி வேறுபடுவதால் குப்பியின் மேல் அச்சிட்டுள்ளதைப் படித்த பிறகே கலக்குங்கள். ஒரு பெரிய பசுவுக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர் கரைசல் தேவைப்படும். அரை லிட்டரை முதுகில் மட்டும் தூவிவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் பலர். காதின் உட்புற மடிப்பு, கழுத்துத் தொங்கல், வாலின் அடிப்புறம், தொடையிடுக்கு ஆகிய இடங்களில்தான் உண்ணி ஒளிந்திருக்கும். அங்கே கரைசலில் நனைத்த துணியால் துடையுங்கள், கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டுக்கு முதலில் வயிறு நிறையத் தண்ணீர் காட்டி, பால் கறந்து முடித்த பின், வெயில் ஏறுவதற்கு முன் தெளித்து, உடல் காயும் வரை நக்கவிடாமல் நிழலில் கட்டுங்கள். மடியையும் காம்பையும் அடுத்த கறவைக்கு முன் நன்றாகக் கழுவுங்கள். எல்லா மாடுகளுக்கும் ஒரே நாளில் தெளிக்க வேண்டும். புதிய குஞ்சுகள் முழு உண்ணியாகி விழுவதற்கு முன்பே, அதாவது 15 முதல் 18 நாட்களுக்குள், அடுத்த முறை தெளித்துவிட வேண்டும். இவ்வாறு மூன்று நான்கு சுற்று விடாமல் செய்தால்தான் தொழுவத்தில் உள்ள இருப்புக் கரையும். மாட்டுக்கு வாய்நீர் ஒழுகினாலோ உடல் நடுங்கினாலோ உடனே சோப்பு நீரால் கழுவிவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

ஊசியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஐவர்மெக்டின் ஊசி மருந்து பாலில் பல நாட்கள் வெளிப்படுவதால், கறவையில் உள்ள உங்கள் இரண்டு பசுக்களுக்கும் அது வேண்டாம். அந்தப் பாலைக் குடிப்பவர்களில் குழந்தைகளும் இருப்பார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். வற்றிய பசுவுக்கும் கன்றுக்கும் மருத்துவர் எடை பார்த்து முடிவு செய்யட்டும்.

இடைப்பட்ட வாரங்களில் மூலிகைத் தெளிப்பு உதவும். பூண்டு பத்துப் பல், வேப்பிலை, வேப்பம்பழம், உண்ணிச்செடி இலை, துளசி ஆகியவை ஒவ்வொரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம் ஆகியவற்றை அரைத்து, ஒரு லிட்டர் நீரில் கலந்து, துணியில் வடிகட்டி, வெயில் உள்ள வேளையில் வாரம் ஒரு முறை மாட்டின் மேலும் சுவர் இடுக்கிலும் தெளிக்கலாம். உண்ணிகள் குறைவாக இருக்கும்போது இது நன்கு பயன்படும். இப்போதுள்ளது போல மொய்க்கும் நிலையில் இதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

சந்தையிலிருந்து புதிய மாடு வாங்கி வந்தால், மருந்து தெளித்து மூன்று வாரம் தனியாகக் கட்டிவைத்த பிறகே மற்றவற்றுடன் சேருங்கள்.

எல்லாவற்றையும் விட அவசரமானது ஒன்று உண்டு. உண்ணி பரப்பும் இரத்த ஒட்டுண்ணி நோய்களுக்குக் கலப்பினப் பசுக்கள் நாட்டு மாடுகளைக் காட்டிலும் எளிதில் இரையாகின்றன. காய்ச்சல் 104 டிகிரியைத் தாண்டுவது, தோளுக்கு முன்னே நெறி கட்டுவது, கண்ணின் உட்புறமும் ஈறும் வெளுப்பது அல்லது மஞ்சளிப்பது, சிறுநீர் காபி நிறத்தில் போவது, பால் திடீரென்று குறைவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும், உண்ணி மருந்தைத் தேடிக்கொண்டிருக்காமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நோய்க்கேற்ற ஊசி வெவ்வேறானது, தாமதமானால் பலனும் குறையும். வண்டிக்கு வழியில்லையென்றால் கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 என்ற எண்ணை அழையுங்கள். உங்கள் கிடேரிக் கன்றின் ஈறு நிறத்தை இன்று மாலையே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.