தெருவில் வளர்ந்த பிள்ளைகளிடம் "உன் கதையைச் சொல்லு" என்று கேட்காதீர்கள்

கேள்வி: தெருவில் வாழ்ந்து, இப்போது இல்லத்தில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளைத் தங்கள் வாழ்க்கையைக் கதையாகச் சொல்ல வைப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கம் ஓர் இல்லத்தில் சனிக்கிழமைகளில் கதை நேரம் நடத்துகிறவன் என்பதால் எழுதுகிறேன்.

முதல் வேலையாக, "உன் கதையைச் சொல்லு" என்று கேட்பதை விட்டுவிடுங்கள். ரயில்வே போலீஸ், குழந்தைகள் உதவி எண் 1098-இலிருந்து வந்தவர், குழந்தைகள் நலக் குழு, இல்லத்துப் பொறுப்பாளர் என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அவர்களுக்கே அலுத்துப்போன கதை அது. எந்த இடத்தில் அழுதால் எதிரில் இருப்பவர் இளகுவார் என்பதுகூட அத்துப்படி. நீங்களும் கேட்டால் அதே ஒப்பிப்புதான் கிடைக்கும்.

பொய் சொல்ல விடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். பிள்ளையார்பட்டியில் சங்கடஹர சதுர்த்திக் கூட்டத்தில் கையேந்தி நின்ற பிள்ளைக்கு, வருகிறவர் முகத்தைப் பார்த்தே என்ன சொன்னால் காசு விழும் என்று தெரியும். அங்கே பொய்தான் சோறு. அந்தத் திறமையைச் சோற்றுக்கும் அடிக்கும் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் சும்மா விளையாட்டாக எடுத்துப் பார்க்கட்டுமே.

நான் பெரும்பாலும் ஒரு பொருளை நடுவில் வைப்பேன். நம்மூரில் அதற்குப் பஞ்சமே இல்லை. முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எனாமல் கிண்ணம், ஊறுகாய் ஜாடி, பூட்டைத் தொலைத்த சாவி என்று செட்டிநாட்டு வீடுகளின் மிச்சமெல்லாம் கிடைக்கும். ஒருமுறை ஒரு சாண் நீளச் சாவியைக் கொடுத்து, "இது எந்த வீட்டுச் சாவி?" என்று மட்டும் கேட்டேன். அதிகம் பேசாத ஒரு பெண்பிள்ளை அதை வாங்கி மோந்து பார்த்து, "வௌவால் வாடை அடிக்குது" என்றது. அப்புறம் தானாகவே ஆரம்பித்தது. வீட்டுக்காரர்கள் எல்லாம் வெளியூர், முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கு மட்டும்தான் வருவார்கள். திண்ணையில் தினமும் ஒரு பாப்பா படுத்துக்கொள்ளும். ராத்திரி உள்முற்றமான வளவுக்குள்ளிருந்து வீடு கேட்கும், "யாரு அங்க?" "நான்தான்" என்று பாப்பா சொன்னதும் வீட்டுக்குப் பயம் தெளிந்துவிடும்.

பயம் வீட்டுக்கு, கவனியுங்கள். திண்ணையில் படுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை அங்கேயே நின்றிருக்கும். "அந்த வீடு அப்புறம் என்ன செஞ்சுச்சு?" என்று கேட்டால் போதும்.

சின்னப் பையன்களுக்கு விலங்குகள் தோது. மானாமதுரையில் டிக்கெட் இல்லாமல் ரயிலேறிய ஓர் ஆட்டின் கதையை ஒருவன் சொல்ல, "டிடிஆர் அந்தப் பெட்டிக்கு மொதல்ல வரமாட்டாருடா" என்று மற்றவர்கள் வழிநெடுகத் திருத்திக்கொண்டே வந்தார்கள். அந்த நுணுக்கம் நமக்கெல்லாம் வராது.

எழுத வராத பிள்ளை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், அவன் சொல்லிலேயே. "போச்சு" என்றால் போச்சுதான், "சென்றது" ஆக்காதீர்கள். எழுதியதை வாசித்துக் காட்டி, அவன் வேண்டாம் என்பதை அடித்துவிடுங்கள்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கதைக்குள் பாலியல் கொடுமை தலைகாட்டினால் துருவிக் கேட்காமல் இல்லத்து ஆலோசகரிடம் உடனே பேசுங்கள். அதோடு முடியாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தகவல் போயாக வேண்டும்.

ஆண்டு விழாவில் நன்கொடையாளர் முன்னால் பிள்ளையை நிறுத்திச் சோகக் கதை சொல்ல வைப்பது எனக்கு அறவே பிடிக்காது. அதுவும் பிச்சைதான், மைக் வைத்த பிச்சை. அச்சில் கொண்டுவருவதாக இருந்தால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவைப் படித்துக்கொள்ளுங்கள். பெயர், முகவரி, பள்ளி, படம் என்று பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எங்கள் கையெழுத்து இதழில் எல்லாருக்கும் புனைபெயர்தான், அவரவர் வைத்துக்கொண்டது. ஆட்டுக் கதைக்காரன் தன் பெயரைக் "காரைக்குடி கலெக்டர்" என்று போட்டுக்கொண்டான். "கலெக்டர் சிவகங்கையிலதானே இருக்கார்?" என்றேன்.

"அதனாலதான் சார், இங்க போஸ்டிங் காலியா இருக்கு" என்றான்.