“அனுபவம்: இல்லை” என்று எழுத வேண்டாம்

அன்பின் அக்கா,

நான் ஒட்டுசுட்டானைச் சேர்ந்தவள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துப் பட்டம் பெற்றேன். பட்டதாரி ஆசிரியர் போட்டிப் பரீட்சை சரிவரவில்லை. அடுத்தது எப்போது கோருவார்கள் என்று தெரியாது. அதுவரை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒரு தனியார் பாடசாலையில் சேரலாம் என்று நினைத்து ஏழெட்டு இடங்களுக்குச் சுயவிபரக்கோவை அனுப்பினேன். ஓரிடத்திலிருந்தும் பதில் இல்லை. கொமினிகேசன் கடையில் அவர்களிடம் இருந்த மாதிரியில் அடிப்பித்தது. பிரதியை இணைத்திருக்கிறேன். அனுபவம் இல்லாததுதான் குறை என்று படுகிறது. பின்னேரங்களில் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் சும்மா சொல்லிக்கொடுக்கிறேன், அதை வேலை என்று சொல்ல ஏலாதுதானே. இன்னொன்று: இடப்பெயர்வால் ஐந்து பள்ளிக்கூடம் மாறினேன், உயர்தரம் இரண்டாம் தடவைதான் சரிவந்தது. இவற்றை எழுதாமல் விட்டால் பொய் சொன்னதாகுமா?

ம., ஒட்டுசுட்டான்

*

அன்பின் தங்கைக்கு,

உங்கள் சுயவிபரக்கோவையையும் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். கடிதத்தில் ஓர் ஆசிரியை இருக்கிறார். சுயவிபரக்கோவையில் அவரைக் காணவில்லை. மூன்று பக்கத்தில் உங்கள் சமயம், திருமண நிலை, அப்பாவின் பெயர், அவருடைய தொழில், அடையாள அட்டை இலக்கம், தரம் ஒன்றிலிருந்து படித்த பாடசாலைகள் எல்லாம் இருக்கின்றன. மூன்றாம் பக்கத்தின் நடுவில் “அனுபவம்: இல்லை” என்று ஒரு வரி. நீங்கள் எந்தப் பாடத்தை, எந்தத் தரத்துக்கு, எந்த மொழியில் படிப்பிப்பீர்கள் என்று ஓரிடத்திலும் இல்லை.

ஒரு அதிபர் ஏன் விளம்பரம் போடுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய நேரசூசியில் சில கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. தரம் 8 புவியியலுக்கு ஆளில்லை, தரம் 10 வரலாறு எடுத்தவர் அரச நியமனம் கிடைத்துப் போய்விட்டார், குடியியலை யாரோ இரவலாக எடுக்கிறார். வந்து குவிந்த விண்ணப்பங்களை அவர் புரட்டுவது அந்தக் கட்டங்களை நிரப்பத்தான். பெயருக்கும் தொலைபேசி இலக்கத்துக்கும் அடுத்த வரியிலேயே அந்த விடை இருக்க வேண்டும்: “கற்பிக்கக்கூடிய பாடங்கள்: புவியியல் (தரம் 6 முதல் உயர்தரம் வரை), வரலாறு, குடியியற் கல்வி (தரம் 6 – 9). மொழிமூலம்: தமிழ்.” ஆங்கில மூலத்திலும் எடுக்க முடியுமென்றால் மட்டும் அதையும் சேருங்கள். எடுக்கச் சொன்னால் அன்றைக்கே எடுக்கக்கூடிய அளவு தெரிந்திருக்க வேண்டும்.

இந்த வரி இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் பிரதியில் “நிறுவனத்தின் வளர்ச்சிக்கு எனது திறமைகளை முழுமையாகப் பயன்படுத்துவதே எனது நோக்கம்” என்று ஒரு பந்தி இருக்கிறது. அது அந்தக் கடையின் கணினியில் கிடப்பது. அதே பந்தி வங்கிக்கும் போகிறது, ஆடைத் தொழிற்சாலைக்கும் போகிறது. எடுத்துவிடுங்கள்.

இனி அந்த மண்டபத்துக்கு வருகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வசனத்தைப் படித்துவிட்டு நான் விபரம் கேட்டேன், நீங்களும் எழுதினீர்கள். பல்கலைக்கழகம் முடித்து வந்ததிலிருந்து வாரத்தில் நான்கு நாள். தரம் 6 முதல் 9 வரை ஒரே மண்டபத்தில் இருபது பிள்ளைகளளவில். ஆறாம் தரத்துக்கு வேலை கொடுத்துவிட்டு ஒன்பதாம் தரத்துக்கு விளக்குகிறீர்கள். படத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கிற சமவுயரக் கோடு விளங்கவில்லை என்று பிள்ளைகள் சொன்னபோது முத்தையன்கட்டுக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், கட்டின் சரிவில் ஒரே உயரத்தில் ஆளுக்கு ஆள் நிற்கவைத்து, அவர்கள் நின்ற வரிசையைக் கொப்பியில் கீறச் செய்தீர்கள். பிறகுதான் நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப் படத்தை விரித்தீர்கள். காலபோக அறுவடை நாட்களில் வராமல் விட்ட பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு கிழமை எடுத்தீர்கள்.

தங்கச்சி, இதற்கு எங்கள் கல்வித்துறையில் பல்தரக் கற்பித்தல் என்று பெயர். வன்னியின் சின்னப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்கள் அன்றாடம் செய்கிற, பயிற்சி பெற்றவர்களே திணறுகிற வேலை. சம்பளம் வரவில்லை என்பதற்காக அது வேலை இல்லாமல் போகாது. நேர்முகக் குழுக்களில் நான் இருந்திருக்கிறேன். பட்டமும் கையுமாக வருகிறவர்கள் நிறையப்பேர். ஒரு பிள்ளைக்கு ஒரு விடயம் விளங்காதபோது என்ன செய்வீர்கள் என்று கேட்டால் சொல்ல ஏதாவது வைத்திருப்பவர்கள் குறைவு. உங்களிடம் இருக்கிறது. அதை இப்படி எழுதுங்கள்:

“தொண்டர் ஆசிரியை, மாலை வகுப்பு, பொதுநோக்கு மண்டபம், ஒட்டுசுட்டான். தரம் 6 – 9, ஏறத்தாழ 20 மாணவர், வாரத்தில் நான்கு நாள். புவியியல், வரலாறு. நான்கு தரங்களுக்கும் ஒரே நேரத்தில் பல்தர முறையில் கற்பித்தல். இடவிளக்கப் பட வாசிப்பை வெளிக்களச் செயற்பாட்டின் மூலம் கற்பித்தல். வரவு குறைந்த மாணவருக்கு மீட்டல் வகுப்பு.” தொடங்கிய மாதத்தையும் ஆண்டையும் முன்னால் போடுங்கள்.

இவ்வளவுதான். “கடின உழைப்பாளி, பொறுமைசாலி, குழுவாக இயங்கக்கூடியவர்” என்ற வரிகள் இதற்குப் பிறகு தேவைப்படாது. நான்கு தரத்தை ஒன்றாக வைத்துப் படிப்பித்தவருக்குப் பொறுமை உண்டா என்று யாரும் கேட்கப் போவதில்லை. பெறுபேறு எழுதுவதானால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஒன்பது பேர் எழுதி ஆறு பேர் சித்தி என்றால் அதுவே நல்ல கணக்கு. “நூறு வீதச் சித்தி” என்பது ரியூசன் நிலையங்களின் சுவரொட்டிக்குரியது, அதை வாசிக்கிற அதிபர் நம்பமாட்டார். வன்னியில் அதிபர்களும் ஆசிரியர்களும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் உண்மை தெரிந்துவிடும்.

உங்கள் கடைசிக் கேள்வி பலருடைய மனதிலும் இருப்பது என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். சுயவிபரக்கோவை என்பது சத்தியக்கடதாசி அல்ல. வாழ்ந்த எல்லாவற்றையும் அதில் ஒப்புவிக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. உயர்தரத்தில் எந்த ஆண்டின் பெறுபேற்றில் பல்கலைக்கழகம் போனீர்களோ அந்த ஆண்டையும் பாடங்களையும் பெறுபேற்றையும் எழுதினால் போதும். எத்தனையாவது தடவை என்பதை அவர்கள் கேட்டால் சொல்லலாம். கேட்காததைச் சொல்லாமல் விடுவது பொய்யாகாது. எடுக்காத சித்தியை எடுத்ததாக எழுதுவதுதான் பொய்.

பள்ளிக்கூடங்களும் அப்படித்தான். சாதாரண தரமும் உயர்தரமும் எடுத்த பாடசாலைகள் போதும். 2008இலும் 2009இலும் நீங்கள் எங்கே எந்த மரத்தின் கீழ் படித்தீர்கள், மெனிக் பாம் இடப்பெயர்ந்தோர் முகாமில் எத்தனை மாதம் பள்ளிக்கூடமே இல்லாமல் இருந்தீர்கள் என்பதெல்லாம் உங்களுடையவை. அவற்றை ஒரு வேலைக்காக யார் முன்னாலும் விரித்துக்காட்ட வேண்டியதில்லை. இரக்கத்துக்காக எழுதினால் வாசிப்பவர் இரக்கப்பட்டுவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எடுப்பார். ஆனால் படிப்பு இடையில் அறுந்த பிள்ளையை மறுபடி பாடத்துக்குள் கொண்டுவருவது எப்படி என்பது உங்களுக்குத் தெரியும். அறுவடைக்குப் போன பிள்ளைகளுக்காக ஒரு கிழமை ஒதுக்கியது அந்த அறிவில்தான். அதை நேர்முகத்தில் சொல்லுங்கள், ஓர் ஆசிரியையின் அறிவாக.

2009க்கு முன் பரீட்சை எழுதி, சான்றிதழ்களை இடப்பெயர்வில் தொலைத்த வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பெறுபேற்றுச் சான்றிதழைப் பத்தரமுல்லை பெலவத்தையிலுள்ள பரீட்சைத் திணைக்களத்தில் மறுபடி பெறலாம், இணையவழியாகவும் விண்ணப்பிக்கலாம். பரீட்சை ஆண்டும் சுட்டெண்ணும் தெரிந்திருந்தால் வேலை சுலபம். நேர்முகக் கடிதம் வந்த பிறகு ஓடித்திரியாமல் இப்போதே எடுத்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு விதமாகவும் பட்டச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும் இருப்பவர்கள், சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து அதன் பிரதியையும் கோவையில் வைத்திருங்கள்.

அரச நியமனத்துக்கும் தனியார் பாடசாலை வேலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வர்த்தமானியில் வந்தாலும் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு கோரினாலும், அங்கே அவர்கள் தரும் மாதிரிப் படிவம்தான். போட்டிப் பரீட்சைப் புள்ளி, நேர்முகம், செய்முறைப் பரீட்சை என்று திட்டம் இருக்கும். உங்கள் அழகான சுயவிபரக்கோவையை அங்கே யாரும் வாசிக்கமாட்டார்கள். ஆனால் அதை எழுதுவதற்காக நீங்கள் யோசித்தவை செய்முறைப் பரீட்சையில் ஐந்து நிமிடம் கரும்பலகை முன்னால் நிற்கும்போது கைகொடுக்கும்.

இனிச் சில்லறை வேலைகள். சில்லறை என்றாலும் இவற்றில்தான் பலருடைய விண்ணப்பம் விழுந்துபோகிறது. உங்கள் கோப்பு பாமினி எழுத்துருவில் அடித்த வேர்ட் கோப்பு. அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் திறந்தால் தமிழ் வராது, ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாய் ஒரு பக்கம் வரும். நான் திறந்தபோது அப்படித்தான் வந்தது. பிறகு வீட்டுக் கணினியில்தான் வாசித்தேன். நீங்கள் அனுப்பிய இடங்களில் எத்தனை பேர் அந்தச் சிரமத்தை எடுத்திருப்பார்கள்? பதில் வராததற்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம். யூனிகோடில் அடிப்பித்து, பிடிஎஃப் ஆக்கி, முதலில் உங்கள் தோழியின் தொலைபேசிக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். கோப்புக்கு உங்கள் பெயரையும் பாடத்தையும் பெயராக வையுங்கள். விளம்பரம் ஆங்கிலத்தில் வந்திருந்தால் ஆங்கிலத்தில் அனுப்புங்கள், தமிழில் வந்திருந்தால் தமிழில். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

அடையாள அட்டை இலக்கத்தையும் வீட்டு முழு முகவரியையும் எடுத்துவிடுங்கள். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். வாட்ஸ்அப்பில் போகிற கோப்பு யார் கைக்குப் போய்ச் சேரும் என்று உங்களுக்குத் தெரியாது. ஊரின் பெயர் போதும். நியமனம் தரும்போது படிவத்தில் கேட்பார்கள், அப்போது கொடுக்கலாம். வீட்டில் சிக்னல் கிடைப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதனால் எடுத்துப் பேசக்கூடிய இரண்டாவது இலக்கம் ஒன்றும் போடுங்கள், அதை வைத்திருப்பவரிடம் முன்கூட்டியே சொல்லியும் வையுங்கள்.

உறவினரல்லாத இருவர் என்ற இடத்தில் பிரதேச சபை உறுப்பினரையும் கோயில் தர்மகர்த்தாவையும் போட்டிருக்கிறீர்கள். நல்ல மனிதர்களாக இருப்பார்கள். ஆனால் நீங்கள் படிப்பிப்பதை அவர்கள் பார்த்ததில்லை. உங்கள் ஆய்வுக்கட்டுரையை மேற்பார்வை செய்த விரிவுரையாளர் ஒருவர், மண்டபத்துப் பிள்ளைகள் பகலில் படிக்கிற பாடசாலையின் அதிபர் ஒருவர். இருவரிடமும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

அனுப்பும்போது ஒரு சின்னக் கடிதமும் சேர்த்து எழுதுங்கள், முக்கால் பக்கம். எந்த வெற்றிடத்துக்கு, ஏன் அந்தப் பாடசாலை, எப்போதிருந்து வரலாம். இன்னொன்றும் அதில் இருக்கட்டும். ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் வந்து, அங்கிருந்து ஏ9 வீதியால் வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ அன்றாடம் போய்வருவது எப்படி என்று வாசிப்பவர் நினைப்பார். வாய்விட்டுக் கேட்கமாட்டார், பேசாமல் ஊரில் உள்ள ஆளை எடுத்துவிடுவார். வவுனியா பூந்தோட்டத்தில் சித்தி வீட்டில் தங்குவேன் என்று எனக்கு எழுதினீர்களே, அந்த ஒரு வரியைக் கடிதத்தில் போடுங்கள்.

இந்தக் கிழமையே செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. வரவுப் பதிவும் அதிபரின் கடிதமும் இல்லாமல், செய்த சேவையைக் காட்ட வழியில்லாமல் நின்ற தொண்டர் ஆசிரியர்களை வடக்கில் நிறையப் பார்த்துவிட்டோம். மண்டபத்துக்கு ஒரு கொப்பி வாங்கி, இன்றிலிருந்து திகதி, வந்த பிள்ளைகள், எடுத்த பாடம் மூன்றையும் எழுதுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரிடம், சங்கத்தின் கடிதத் தலைப்பில், வகுப்பு தொடங்கிய மாதத்தைக் குறித்து ஒரு கடிதம் வாங்குங்கள். கிராம அலுவலரின் கையொப்பமும் இருந்தால் நல்லது. அந்தக் கடிதத்தின் பிரதியோடு திருத்திய சுயவிபரக்கோவையை எனக்கு ஒருமுறை அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்
அக்கா