கனாங்ராவிலிருந்து கட்டூம்பாவுக்கு: எதை வாங்குவது, எதை இரவல் கேட்பது?

கேள்வி (வென்ட்வொர்த்வில் வாசகர்): நாங்கள் நாலு நண்பர்கள். ஈஸ்டர் விடுமுறையில், சிட்னிக்கு மேற்கே உள்ள மலைக்காட்டில், கனாங்ரா வால்ஸிலிருந்து கட்டூம்பா வரை மூன்று நாள் காட்டு நடை போகலாம் என்றிருக்கிறோம். இதுவரை போனதெல்லாம் ஒருநாள் நடைகள்தான். ஒரு கடையில் விசாரித்தோம். அவர்கள் எழுதிக் கொடுத்த பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் ஆளுக்கு மூவாயிரம் டாலரைத் தாண்டுகிறது. உண்மையிலேயே இவ்வளவு தேவையா?

பதில்: தேவையில்லை. பாதிக்கும் குறைவாகவே முடிக்கலாம். ஆனால் எதைக் குறைப்பது, எதைக் குறைக்கக் கூடாது என்பதைப் பாதையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கடைக்காரர் உங்களிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டாரா? கேட்டிருந்தால் அந்தப் பட்டியலின் முதல் வரியில் தண்ணீர்ப் பைகள் இருந்திருக்கும்.

பாதை இப்படி. மொத்தம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். கனாங்ரா மேட்டிலிருந்து கேப்ஸ் கேப் என்ற பள்ளத்தில் இறங்கி, ரிப், ராக், ரோர், ரம்பிள் என்று பெயர் வைத்த குன்றுகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, கிளவுட்மேக்கர் சிகரத்துக்கு வருவீர்கள். உயரம் 1100 மீட்டருக்கு மேல். அங்கிருந்து ஸ்ட்ராங்லெக் முகடு வழியாகக் காக்ஸ் ஆற்றங்கரைக்கு இறக்கம். ஆயிரம் மீட்டர் அளவுக்கு இறங்கியாக வேண்டும். மறுநாள் ஆற்றைக் கடந்து யெல்லோ பப் முகட்டில் ஏறி, யெல்லோ டாக் மலைத்தொடர், மெட்லோ கேப், டாரோஸ் லேடர் என்ற இரும்புப் படிகள், நாரோ நெக் மேடு, கடைசியில் கட்டூம்பா. பெரும்பகுதியில் வழிகாட்டிப் பலகை கிடையாது.

முகடுகளில் தண்ணீர் இல்லை. கிளவுட்மேக்கர் பக்கம் டெக்ஸ் ஓடை, யெல்லோ டாக் மேலே மாப்ஸ் சோக் என்ற ஊற்று, இரண்டும் மழையைப் பொறுத்தவை. நம்பக்கூடியது காக்ஸ் ஆறு ஒன்றுதான். ஆகவே ஆளுக்கு ஐந்தாறு லிட்டர் சுமக்க வழி வேண்டும். இதற்கு விலை உயர்ந்த பை எதுவும் வாங்க வேண்டாம். 1.25 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டில் காலியானதும் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். அதை விட உறுதியான, எடை குறைந்த குடுவை அந்த விலைக்கு எந்தக் கடையிலும் கிடையாது. ஆற்று நீரைச் சுத்தம் செய்யாமல் குடிக்காதீர்கள். மேலே லித்கோ ஊரும் மாட்டுப் பண்ணைகளும் இருக்கின்றன. குளோரின் டையாக்சைடு மாத்திரை மலிவு, எடையே இல்லை. நுண்ணிழை வடிகட்டி வாங்கினால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: நனைந்த வடிகட்டி ஒரே ஒருமுறை உறைந்தாலும் உள்ளே இழை வெடித்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போலவே வரும். குளிர் இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்குங்கள். ஓரங்களில் கீறல் விழுந்த பழைய வடிகட்டியை யாராவது மலிவாக விற்றால் வாங்கவே வாங்காதீர்கள். அது போன குளிர்காலத்தை எங்கே கழித்தது என்பது விற்பவருக்கே தெரியாது.

சிக்கனம் பார்க்கக் கூடாத இரண்டாவது இடம் கால். ஸ்ட்ராங்லெக் இறக்கத்தில் முழங்காலும் பெருவிரலும்தான் அடி வாங்கும். ஷூவை மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, நடைக்குப் போடும் அதே தடித்த காலுறையோடு போட்டுப் பாருங்கள். கடையில் சரிவுப் பலகை இருந்தால் அதில் இறங்கி நடங்கள். விரல் முன்னால் போய் இடித்தால் அது உங்கள் அளவு இல்லை. ஊன்றுகோல் ஒரு ஜோடி, முட்புதருக்குக் கணுக்கால் உறை ஒரு ஜோடி. இவை நடுத்தர விலையில் போதும்.

மற்றதெல்லாம் இரவலோ வாடகையோதான். நாலு பேருக்கு இரண்டு டென்ட், இரண்டு அடுப்பு போதுமே, கடைக்காரர் ஏன் நாலு எழுதினார்? முதுகுப்பை, டென்ட், மழைச்சட்டை எல்லாம் வாடகைக்குத் தரும் கடைகள் சிட்னியில் உண்டு. காட்டு நடை மன்றத்தில் சேர்ந்தால் புதியவர்களுக்குப் பொருள் இரவல் தருவதும் வழக்கம். அங்கே இன்னொரு லாபமும் இருக்கிறது: இந்தப் பாதையில் போய் வந்த ஆட்களோடு பேசலாம்.

வாடகைப் பையை எடுக்கும்போது லிட்டர் கணக்கை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள். கழுத்தடியில் புடைத்திருக்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு உயரம் வரை முதுகை அளந்து, அதற்குப் பொருந்தும் பையை எடுங்கள். எடை இடுப்பில் உட்கார வேண்டும், தோளில் தொங்கக் கூடாது. பத்துப் பன்னிரண்டு கிலோ போட்டு அரைமணி நேரம் கடையிலேயே நடந்து பார்ப்பதற்கு யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சொன்னால் அந்தக் கடை வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் நடையிலிருந்து நேராக இதற்குத் தாவாதீர்கள். அதற்கு முன்னால் இதே சுமையோடு ஓர் இரவாவது வெளியே தங்குங்கள். கட்டூம்பாவிலிருந்து ஜெனோலன் குகைகள் பக்கம் போகும் சிக்ஸ் ஃபுட் டிராக் அடையாளமிட்ட பாதை. திறந்திருக்கும் பகுதி எது என்று பார்த்துவிட்டு அதில் ஒத்திகை பார்க்கலாம். ஈஸ்டருக்கு நாலு நாள் விடுமுறை; மூன்று நாளில் முடிக்கிறோம் என்று சொல்லி நாலாவது நாளை வீட்டில் கழிக்கத் திட்டமிடாதீர்கள். காக்ஸ் ஆற்றில் நீங்கள் கடக்கும் இடத்தில் பாலம் கிடையாது. மழையில் வெள்ளம் வந்தால் கரையில் உட்கார்ந்து காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஒரு நாளுக்கான சாப்பாடும் பையில் இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். ஈஸ்டர் அதையொட்டி வந்தால் மாலையில் ஒரு மணி நேர வெளிச்சத்தை நம்பி ஏமாறாதீர்கள்.

அப்புறம், கனாங்ராவுக்குப் பேருந்து இல்லை. ஓபரன் வழியாகப் போய், கடைசியில் நெடுந்தூரம் மண் சாலை. யார் கொண்டுபோய் விடுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். திரும்பும்போது கட்டூம்பாவில் ரயில் இருக்கிறது.

கேள்வி (டூங்காபி வாசகி): என் மகன் பல்கலைக்கழக நண்பர்களோடு இதே மாதிரி நடைக்குப் போகிறான். அவசரக் கருவி வாங்கிக் கொடுக்கலாம் என்று பார்த்தால் பி.எல்.பி. என்கிறார்கள், செயற்கைக்கோள் மெசஞ்சர் என்கிறார்கள். அவனோ, "என் ஐஃபோனிலேயே அந்த வசதி இருக்கும்மா, காசை வீணாக்காதே" என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மகன் சொல்வது பாதி உண்மை. ஐஃபோன் 14 முதல் வந்த மாடல்களில் செயற்கைக்கோள் வழி அவசரச் செய்தி அனுப்பும் வசதி 2023 மே மாதத்திலிருந்து ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. ஆனால் அதே ஃபோனில்தான் வரைபடம், கேமரா, டார்ச் எல்லாம். மூன்றாம் நாள் அதில் எவ்வளவு சார்ஜ் மிச்சமிருக்கும்? பாறையில் விழுந்தவர் கையில் திரை உடையாமல் இருக்குமா? அதைக் கூடுதல் துணையாக வைத்துக்கொள்ளலாம், ஒரே துணையாக அல்ல.

பி.எல்.பி. என்பது உள்ளங்கை அளவுப் பெட்டி. ஏரியலை நிமிர்த்தி ஒரு பொத்தானை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபாய அழைப்பு போகும். மாதச் சந்தா கிடையாது, பேட்டரி ஆண்டுக்கணக்கில் நிற்கும். விலை முந்நூறு டாலரில் தொடங்குகிறது. ஆனால் நீங்கள் வாங்கவே வேண்டியதில்லை. ப்ளூ மவுண்டன்ஸ் பகுதியில் நடப்பவர்களுக்கு இதை இலவசமாக இரவல் தரும் திட்டம் காவல்துறையும் தேசியப் பூங்காத் துறையும் சேர்ந்து நடத்துவது. கட்டூம்பா, ஸ்பிரிங்வுட் காவல் நிலையங்களிலும் பிளாக்ஹீத்தில் உள்ள பூங்காத் துறை மையத்திலும் கேட்கலாம். நீண்ட விடுமுறைக்கு முன் கருவி தீர்ந்துபோகலாம், முன்கூட்டியே ஃபோன் போட்டுக் கேளுங்கள். பயண விவரத்தையும் அதே திட்டத்தில் பதிந்துவிடச் சொல்லுங்கள். பள்ளத்தாக்கின் அடியில் எந்தக் கருவியும் தடுமாறும். வானம் தெரியும் இடமாகப் பார்த்து வைத்து இயக்க வேண்டும் என்பதையும் மகனிடம் சொல்லி வையுங்கள்.

மெசஞ்சருக்குச் சந்தா உண்டு. ஆனால் பி.எல்.பி.யால் முடியாத ஒன்றை அது செய்யும்: "வெள்ளம், ஒரு நாள் தாமதம், எல்லோரும் நலம்" என்று உங்களுக்கே செய்தி அனுப்பும். அந்த ஒரு வரி இல்லாததால் ஹெலிகாப்டர் தேடக் கிளம்பும் அபாயம் உண்டு. மகன் அடிக்கடி போகிற ஆள் என்றால் அதற்குச் செலவழிக்கலாம்.

வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு இணையக் கடைகளில் பி.எல்.பி. மலிவாகக் கிடைக்கும். ஒவ்வொரு கருவிக்குள்ளும் நாட்டுக் குறியீடு பதிந்திருக்கும். ஆஸ்திரேலியக் குறியீடு உள்ள கருவியைத்தான் இங்கே கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்ய முடியும். பதிவு இலவசம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவில் உங்கள் எண்ணைக் கொடுத்திருந்தால், பொத்தானை அழுத்தியதும் முதல் அழைப்பு உங்களுக்கு வரும், உண்மையிலேயே ஆள் மலையில்தான் இருக்கிறாரா என்று கேட்க.

கேள்வி (பெண்டில் ஹில் வாசகர்): கழிவு விலையில் மலையேற்ற ஷூ வாங்கினேன். மூன்றாவது நடையிலேயே அடிப்பாகம் மொத்தமாகக் கழன்று வந்துவிட்டது. கடையில், "தள்ளுபடிப் பொருளுக்குப் பணம் திரும்பக் கிடையாது, வேண்டுமானால் உற்பத்தியாளருக்கு எழுதுங்கள்" என்கிறார்கள். விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: விடாதீர்கள். அவர்கள் சொன்ன இரண்டுமே தவறு. 2011 முதல் நடப்பில் இருக்கும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் தள்ளுபடிப் பொருளுக்கும் பொருந்தும். வாங்கும்போதே சொல்லிக் காட்டிய குறைக்கு மட்டும்தான் விலக்கு. விற்றவர்தான் பொறுப்பு, உங்களை உற்பத்தியாளரிடம் தள்ளிவிட முடியாது. சிறு குறை என்றால் பழுது பார்த்துத் தருவதாகக் கடை சொல்லலாம். பெருங்குறை என்றால் பணமா, மாற்றுப் பொருளா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள். மலை நடைக்கு என்றே விற்ற ஷூவில் அடி கழன்றால் அது பெருங்குறை என்று வாதிட நல்ல இடமிருக்கிறது.

காரணம் என்னவாக இருக்கும் என்று நினைக்கிறேன் தெரியுமா? இந்த ஷூக்களின் நடு அடுக்கு பெரும்பாலும் பாலியூரிதேன். காற்றின் ஈரம் பட்டே அது பல ஆண்டுகளில் தானாக நொறுங்கிப் போகும். போட்டு நடந்தால் மட்டும்தான் தேயும் என்றில்லை. பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் கெடும். கழிவு விலைக்கு வருவது சில சமயம் பல ஆண்டு கிடங்கில் கிடந்த சரக்கு. அடுத்த முறை வாங்கும்போது நடு அடுக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெல்லிய வெடிப்பு தெரிந்தாலோ, மாவு மாதிரி விரலில் ஒட்டினாலோ கீழே வைத்துவிடுங்கள். நண்பர் அலமாரியில் பத்து வருடம் "புதுசாகவே" வைத்திருந்த ஷூவுக்கும் இதே சோதனைதான்.

இப்போது செய்ய வேண்டியது: பசை போட்டு ஒட்டாதீர்கள். கழன்ற பகுதியைப் படம் எடுங்கள். ரசீது தொலைந்திருந்தால் வங்கிக் கணக்கு விவரம் போதும். என்ன நடந்தது, என்ன வேண்டும் என்று கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். மசியாவிட்டால் நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங்கில் புகார் கொடுக்கலாம், எண் 13 32 20. அதிலும் தீராவிட்டால் தீர்ப்பாயம் இருக்கிறது.

இதோடு சேர்த்து எல்லோருக்கும் ஒன்று. வாங்கும்போது, "இன்ன பாதையில், இத்தனை நாள், இவ்வளவு சுமையோடு போகிறேன், இது தாங்குமா?" என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். தாங்கும் என்று அவர்கள் பதில் போட்டுவிட்டால், அந்த உபயோகத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதும் சட்டப்படி உத்தரவாதமாகிவிடுகிறது. மனம் மாறித் திருப்பிக் கொடுப்பதற்கு மட்டும் சட்டம் உதவாது. தெரியாத தனிநபரிடம் பழைய பொருள் வாங்கினாலும் தரத்துக்கான இந்த உத்தரவாதம் இல்லை.

கேள்வி (பிளாக்டவுன் வாசகர்): இணையத்தில் அறுபது டாலருக்கு "மைனஸ் 5 டிகிரி" ஸ்லீப்பிங் பேக். வாங்கலாமா?

பதில்: எந்த மைனஸ் 5 என்று பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 23537 தரப்படி சோதித்த பைகளில் மூன்று எண் இருக்கும்: சுகமாகத் தூங்கும் அளவு, சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு, உயிர் பிழைக்கும் அளவு. பெரிய எழுத்தில் அச்சடிப்பது சில சமயம் மூன்றாவது எண்ணை. தரத்தின் பெயரே இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமும் இல்லை. ஈஸ்டர் நேரத்துக்குச் சுக அளவு 0 டிகிரி என்றிருந்தால் பயமில்லை. கீழே விரிக்கும் மெத்தையை மறந்துவிட்டுப் பைக்கு மட்டும் செலவழித்தால் தரை குளிர் முதுகில் ஏறும். எது வாங்கினாலும் முதுகுப்பைக்குள் ஒரு தடித்த குப்பைப் பையை விரித்து அதனுள் வையுங்கள்; நனைந்த இறகுப் பை சூடே தராது.

கேள்வி (அதே வாசகர்): பொட்டலச் சாப்பாடு ஒன்று பதினைந்து டாலர் சொல்கிறார்கள். வேறு வழி?

பதில்: நம் கடைகளில் இருக்கிறதே! அவல், சத்துமாவு, வறுத்த கடலை, பேரீச்சை, பருப்புப் பொடி. காக்ஸ் கரையில் முதல் நாள் இரவு அசதியாக வந்து சேரும்போது மட்டும் வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற பொட்டலம் ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பதினைந்து டாலர் தகும். முழுத் தீத்தடை அறிவித்தால் அடுப்பே பற்றவைக்க முடியாது என்று வைத்துக்கொண்டு, பச்சைத் தண்ணீரில் ஊறும் சாப்பாடு ஒரு நாளுக்காவது இருக்கட்டும். அவல் அதற்கும் ஆகும்.

கேள்வி (வென்ட்வொர்த்வில் வாசகர், மறுபடியும்): வரைபடத்துக்குக் காசு கொடுத்து ஆப் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: கட்டாயமில்லை. கனாங்ரா, ஜெனோலன், கட்டூம்பா என்ற மூன்று 1:25,000 தாள்கள் போதும். மாநில அரசின் தளத்திலிருந்து இலவசமாக இறக்கி, நல்ல தாளில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு இரண்டு பேர் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காந்த ஊசி இங்கே உண்மை வடக்கிலிருந்து 12, 13 டிகிரி கிழக்கே சாயும். அதைச் சரிசெய்து வைக்கும் வசதியுள்ள திசைகாட்டியாகப் பார்த்து வாங்குங்கள். கிளவுட்மேக்கரிலிருந்து ஸ்ட்ராங்லெக் முகடு பிரியும் இடத்தில் அது தேவைப்படும். தப்பான கிளையில் இறங்கிவிட்டால் பாறை விளிம்பில் போய் நிற்பீர்கள், திரும்ப ஏறத்தான் வேண்டும்.