நரம்புச் சிலந்திக்கும் வாழ உரிமை உண்டா?

கேள்வி: இயற்கையில் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு வேலை உண்டு என்கிறீர்கள். அப்படியிருக்க, மனித உடலுக்குள் வளரும் நரம்புச் சிலந்திப் புழு போன்ற ஒட்டுண்ணியை அடியோடு ஒழிப்பது இயற்கைக்குச் செய்யும் துரோகம் அல்லவா?
- ஒரு வாசகர், விழுப்புரம்

பதில்: ‘வேலை’ என்று நான் எழுதவில்லை, ‘இடம்’ என்றுதான் எழுதினேன். ஓர் உயிர் எதைத் தின்று, எங்கே தங்கி, எப்படிப் பெருகுகிறது என்பதெல்லாம் சேர்ந்ததே அதன் இடம். இயற்கை அதற்குப் பொறுப்பு கொடுத்து அனுப்பியிருக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள்.

நரம்புச் சிலந்தியின் இடத்தையே பாருங்கள். நீரில் வாழும் சைக்ளாப்ஸ் என்ற மிகச் சிறிய உயிர் இதன் இளம்புழுவை விழுங்குகிறது. அந்த நீரைக் குடிப்பவரின் வயிற்றில் சைக்ளாப்ஸ் செரித்துப்போகும். புழுவோ தப்பித்துக் குடலைத் துளைத்துக்கொண்டு உடலுக்குள் போகும். இணை சேர்ந்தபின் ஆண் செத்துவிடும். பெண் புழு சுமார் ஓராண்டில் 1 மீட்டர் வரை வளர்ந்து, பெரும்பாலும் காலில், கொப்புளமாகக் கிளம்பும். நெருப்பு வைத்தாற்போல எரியும். எரிச்சல் தாங்காமல் தண்ணீரில் காலை வைத்தால், லட்சக்கணக்கான இளம்புழுக்களை அதில் கக்கிவிடும். பிறகு புழுவைக் குச்சியில் சுற்றி, தினமும் கொஞ்சமாக, வாரக்கணக்கில் இழுத்தெடுக்க வேண்டும். விதைப்பு நேரத்தில் இப்படிப் படுத்துக் கிடந்த உழவர்கள் எத்தனை பேர்! உயிருக்கெல்லாம் இரங்கும் உங்கள் கேள்வியில் அவர்களைக் காணோமே.

காலை நனைக்கும் நீரையே குடிக்கவும் செய்தால்தான் இந்தப் புழுவுக்குப் பிழைப்பு. ராஜஸ்தானின் படிக்கிணறுகள் அதற்கு வாகாக இருந்தன. இந்த நோய்க்கு மருந்தோ தடுப்பூசியோ கிடையாது. படிகளை அடைத்துச் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள், குடிநீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள், சைக்ளாப்ஸைக் கொல்ல நீரில் மருந்து கலந்தார்கள். தமிழ்நாட்டில் 1984-லேயே நோய் ஒழிந்தது. நாட்டின் கடைசி நோயாளி 1996-இல் ஜோத்பூர் மாவட்டத்தில். ஒழிந்தது புழுதான். சைக்ளாப்ஸ் இன்றும் நம் குளங்களில் இருக்கிறது, அதைத் தின்னும் மீன்குஞ்சும் இருக்கிறது. துரோகம் எங்கே நடந்தது?

1986-இல் உலகில் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், 2023-இல் 14 பேருக்கு மட்டுமே வந்தது. ஆனாலும் வேலை முடியவில்லை. ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் 2012 முதல் நாய்களின் காலிலும் இந்தப் புழு தலைகாட்டுகிறது. மீன் குடல், தவளை வழியாகப் போயிருக்கலாம் என்பதால், அங்கே கிராமத்தார் மீன் குடலைக் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். புழு கண்ட நாயைக் குளத்தில் இறங்கவிடாமல் கட்டிப்போட்டுச் சோறு வைக்கிறார்கள்.