எடைமேடையிலிருந்து ஆபீஸுக்கு 70 மீட்டர்: எதை வாங்குவது?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் மாம்பழக்கூழ் ஆலை நடத்துகிறோம். எடைமேடை இண்டிகேட்டரின் (எடை காட்டும் கருவி) பின்னால் ஒன்பது பின் சீரியல் போர்ட் இருக்கிறது. பில் போடும் கம்ப்யூட்டர் 70 மீட்டர் தள்ளி. சீரியல் கேபிளையே நீளமாக இழுக்கலாம் என்கிறது ஒரு கடை. சீரியல்-ஈதர்நெட் கன்வர்ட்டர் வாங்குங்கள் என்கிறது இன்னொன்று. எது சரி?

பதில்: கன்வர்ட்டர்தான். ஆர்எஸ்-232 (உங்கள் ஒன்பது பின் சீரியல் போர்ட்டின் முறை) கேபிளை 15 மீட்டருக்கு மேல் நம்ப முடியாது. 70 மீட்டர் இழுத்தால் சில நாள் ஓடும். பக்கத்தில் பெரிய மோட்டார் கிளம்பும்போது எண் குழம்பும். கன்வர்ட்டரிலிருந்து போகும் கேட்-6 நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும்.

வாங்கும்போது ‘டிடிஎல்’ என்று போட்ட மலிவு போர்டைத் தொடாதீர்கள். அது 3.3 அல்லது 5 வோல்ட்டுக்கானது. இண்டிகேட்டரில் செருகினால் கருகலாம். உங்கள் பில்லிங் சாஃப்ட்வேருக்கு காம் போர்ட் மட்டும்தான் தெரியும் என்றால், உங்கள் விண்டோஸுக்கு ஏற்ற விர்ச்சுவல் காம் டிரைவர் (நெட்வொர்க்கில் வருவதை காம் போர்ட் போலக் காட்டும் சாஃப்ட்வேர்) உண்டா என்று கேளுங்கள். கேபிள் வெட்டவெளியில் போவதால் ஐசொலேஷன் (இரு பக்க மின்சாரத்தையும் பிரித்து வைக்கும் பாதுகாப்பு) உள்ள மாடலுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். கோடைமழை இடி உங்களுக்குத் தெரியாததா!

இணைக்கும் முன், மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை 5-ஆம் பின்னிலும் சிவப்பை 2, 3-இல் மாற்றி மாற்றியும் வையுங்கள். மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் வரை காட்டுவதுதான் அனுப்பும் பின். அது கன்வர்ட்டரின் வாங்கும் பின்னுக்குப் போக வேண்டும். கன்வர்ட்டர் பழுது என்று திருப்பிக் கொடுப்பதில் பல இந்த ஒயர் கோளாறுதான்.

கன்வர்ட்டரை டிசிபி சர்வராக (கம்ப்யூட்டர் இணையக் காத்திருக்கும் முறை) வைத்து, ரவுட்டர் தானாகப் பங்கிடும் வரம்புக்கு வெளியே நிலையான ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுங்கள். பாட் ரேட் (அனுப்பும் வேகம்), பாரிட்டி (பிழை பார்க்கும் முறை) இரண்டும் இண்டிகேட்டர் மெனுவில் உள்ளபடியே. பிறகு கம்ப்யூட்டரில் புட்டி (PuTTY) என்ற புரோகிராமில் ‘ரா’ (Raw) முறையில் அந்த ஐபி, போர்ட் எண் போட்டுத் திறந்தால் எடை ஓட வேண்டும். கிறுக்கல் வந்தால் பாட் ரேட் அல்லது பாரிட்டி தப்பு. ஒன்றுமே வராவிட்டால் ஒயரைப் பாருங்கள். பிரிண்ட் பொத்தானை அழுத்தினால்தான் அனுப்பும் இண்டிகேட்டர்களும் உண்டு.

கரண்ட் போய் கம்ப்யூட்டர் திடீரென அணைந்தால், பழைய இணைப்பு உயிரோடு இருப்பதாகவே கன்வர்ட்டர் நினைக்கும். ஒரே இணைப்பை ஏற்கும் மாடல் என்றால் புது இணைப்பை மறுத்துவிடும். கன்வர்ட்டரின் கீப்-அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும்) நேரத்தை 60 நொடிக்குள் வையுங்கள்.

இதைவிட ஆபத்தானது ஒன்று. டிசிபியில் 18460 என்பது 18 ஆகவும் 460 ஆகவும் இரண்டு துண்டாக வரலாம். வரி முடியும் குறி வரும்வரை காத்திருந்து படிக்கும்படி சாஃப்ட்வேர்காரரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் லாரிக்கு 18 கிலோ என்று பில் அடிக்கும்.

பில்லில் மாடல் எண்ணும் ‘ஆர்எஸ்-232’ என்ற சொல்லும் இருக்கட்டும். உங்கள் இண்டிகேட்டரோடு சேராவிட்டால் எத்தனை நாளில் திருப்பலாம் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள்.