பிளேஸ்டேஷனா, எக்ஸ்பாக்ஸா? முதலில் மச்சினன் கணக்கைப் பார்ப்போம்

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். சம்பளம் கைக்கு 62,000 வருகிறது. ஒன்பதாவது படிக்கும் பையன் ஒரு வருடமாக வீடியோ கேம் கன்சோல் கேட்கிறான். அவன் பிளேஸ்டேஷன் 5 என்கிறான். என் மச்சினன் எக்ஸ்பாக்ஸ்தான் லாபம் என்கிறான். அண்ணாநகர் கடையில் 55,000 சொன்னார்கள், ஒன்பது மாதம் வட்டியில்லாத 'நோ காஸ்ட்' இஎம்ஐ உண்டாம். கிரெடிட் கார்டில் ஏற்கெனவே 1,18,000 பாக்கி நிற்கிறது. போன வருடம் மச்சினனுக்கு போன், பைக் முன்பணம் என்று 85,000 தேய்த்ததில் ஆரம்பித்தது. அவன் இரண்டு தடவை 2,000 ரூபாய் அக்காவிடம் கொடுத்திருக்கிறான். குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் மினிமம் ட்யூவை மாதாமாதம் தவறாமல் கட்டுகிறேன், சிபில் கடன் ஸ்கோரில் பிரச்சினை இல்லை. கார்டு லிமிட் 1,50,000. அதை இரண்டரை லட்சமாக ஏற்றித் தருவதாக வங்கியிலிருந்து போன் வந்தது. எஃப்டியில் 70,000 இருக்கிறது, அதைத் தொட மனமில்லை. இரண்டில் எதை வாங்கலாம்?

பதில்: எதை வாங்கலாம் என்று கடைசியில் சொல்கிறேன். நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மெண்டைப் பார்த்த பிறகு எனக்குக் கன்சோல் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு கட்டம், அதற்குள் 'மினிமம் அமவுண்ட் ட்யூ 5,900'. நீங்கள் அதைப் பார்த்துக் கட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறீர்கள். மூன்றாம் பக்கத்தைத் திருப்பியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே பாடி பெட்ரோல் பங்க் 800, மளிகைக் கடை 1,460 என்ற வரிகளுக்கு நடுவில் பொடி எழுத்தில் வட்டி 4,130, அதன் கீழே ஜிஎஸ்டி 743 என்று இருக்கிறது. மாதம் மூன்றரை சதவீத வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. கூட்டினால் 4,873. நீங்கள் கட்டும் 5,900-ல் அசலுக்குப் போவது வெறும் 1,027 ரூபாய். அதே மாதத்தில் பெட்ரோல், மளிகை என்று 3,500 அளவுக்குப் புதிதாகத் தேய்க்கிறீர்கள். பாக்கி வைத்திருக்கும் கார்டில் 45 நாள், 50 நாள் வட்டியில்லாச் சலுகை எதுவும் கிடையாது. பங்கில் தேய்த்த அன்றிலிருந்தே வட்டி ஓடுகிறது.

ஒரு வருடத்துக்கு உத்தேசமாகப் போட்டுப் பார்த்தேன். 85,000-ல் ஆரம்பம். புதுத் தேய்ப்பு 42,000. நீங்கள் கட்டியது 61,000 அளவு. ஆனாலும் இன்றைக்கு 1,18,000 நிற்கிறது என்றால் வட்டியாகவும் ஜிஎஸ்டியாகவும் போனது சுமார் 50,000. ஒரு பிளேஸ்டேஷனை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது சார், அதை வங்கிக்குக் கொடுத்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

கார்டு வட்டி வருடத்துக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. ஆகவே அந்தப் பக்கமிருந்து உதவி வரும் என்று காத்திருக்க வேண்டாம். சிபில் விஷயத்திலும் பாதிதான் சரி. தவணை தப்பவில்லை என்பது நல்லது; ஆனால் ஒன்றரை லட்சம் லிமிட்டில் முக்கால் பங்குக்கு மேல் எப்போதும் நிரம்பியே இருப்பது ஸ்கோரைக் கீழே இழுக்கும்.

இந்தக் கார்டில்தான் இஎம்ஐ போடச் சொல்கிறார்கள். லிமிட்டில் மிச்சம் 32,000 இருக்கையில் 55,000 எப்படி ஏறும்? அதற்குத்தான் லிமிட் ஏற்றும் போன். அதற்கு 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லுங்கள். நோ காஸ்ட் என்ற பெயரிலும் மயங்க வேண்டாம். சைபர் வட்டி என்று ஒன்றே கிடையாது என ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. வட்டியை விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார்கள். அந்த வட்டிக்கு ஜிஎஸ்டியும் பிராசசிங் கட்டணமும் உங்கள் தலையில்தான், ஒன்பது மாதத்துக்கு 900 ரூபாய் அளவு வரும். அது கூடப் பரவாயில்லை. உங்களுக்கு வரப்போகும் சங்கடம் வேறு. மாதத் தவணை 6,100 முழுசாக மினிமம் ட்யூவில் போய் உட்காரும். 5,900 கட்டுகிறவர் 12,000 கட்ட வேண்டும்.

'தள்ளிப் போட்டால் விலை ஏறிவிடுமே' என்று பையன் சொல்வான். ஏறத்தான் செய்கிறது. பிளேஸ்டேஷன் 5 இங்கே 2021 பிப்ரவரியில் வந்தபோது டிஸ்க் மாடல் 49,990. 2024 ஏப்ரலில் ஸ்லிம் மாடல் வந்தபோது 54,990. மூன்று வருடத்தில் 5,000 ஏறியது. உங்கள் கார்டு அதை ஒரு மாதத்தில் வாங்கிக்கொள்கிறது.

சரி, செய்ய வேண்டியது. எஃப்டியில் 50,000-ஐ உடையுங்கள். ஏழு சதவீதம் கூட ஒழுங்காக வராத பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஜிஎஸ்டியோடு வருடத்துக்கு ஐம்பது சதவீத வட்டி கட்டுவது என்ன கணக்கு? அவசரத்துக்கு மிச்சம் 20,000 இருக்கட்டும். பாக்கி 68,000-ஐ வங்கியிடம் பேசி 12 மாதத் தவணையாக மாற்றுங்கள், அல்லது ஒரு பர்சனல் லோன். 16 சதவீதம் என்று வைத்தால் மாதம் 6,170 வரும். இப்போது கட்டுவதைவிட 270 ரூபாய்தான் அதிகம், ஆனால் பன்னிரண்டாவது மாதம் கடன் தீர்ந்திருக்கும். நகைக் கடன் இதைவிட மலிவு என்பதும் உண்மை. தம்பியின் போனுக்காக அக்காவின் செயினை அடகு வைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது உங்கள் மனைவி முடிவு செய்ய வேண்டியது.

கார்டைப் பீரோவில் வையுங்கள். பெட்ரோலுக்கு ஜிபே போதும். அந்த 3,500 இனி சம்பளத்திலிருந்தே போகும். அதற்கு நீங்கள்தான் எங்காவது இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஷாப்பிங் ஆப்களில் பதிந்து வைத்த கார்டு எண்ணையும் நீக்குங்கள். உங்கள் போனில் மட்டுமில்லை, மச்சினன் போனிலும் இருக்கும், வாங்கிப் பாருங்கள்.

இனி அவரைப் பற்றி. அக்கா கையில் கொடுத்த 4,000 கார்டுக்கு வந்து சேரவில்லை, காய்கறியிலும் பால் பாக்கெட்டிலும் கரைந்திருக்கும். கொடுத்தவருக்கோ கொடுத்துவிட்ட திருப்தி. கெட்டவர் என்று சொல்லவில்லை. கார்டு பாக்கிக்கு மாதாமாதம் வட்டி ஏறுகிறது என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. அந்த மூன்றாம் பக்கத்தைக் காட்டுங்கள். ஒவ்வொரு மாதமும் 5-ம் தேதிக்குள் 5,000 நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும் என்று பேசி முடியுங்கள். வந்ததும் அதைத் தனி ஆர்டியில் போடுங்கள். பதினோரு மாதத்தில் 55,000. கறாராகக் கணக்குப் பார்ப்பவர் அதையும் கடனில் கட்டச் சொல்வார். பையன் ஏற்கெனவே ஒரு வருடம் காத்திருக்கிறான், அதனால் நான் இதற்கு ஒப்புக்கொள்கிறேன். பணம் வராத மாதம் கன்சோல் ஒரு மாதம் தள்ளிப் போகும். அதை மருமகனிடம் மாமாவே சொல்லட்டும்.

அந்தப் பதினோரு மாதத்துக்கு அப்புறம் எது? டிஸ்க் போடுகிற பிளேஸ்டேஷன். படத்தின் தரம் பற்றிய சண்டையில் நான் இறங்கப் போவதில்லை. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் ஏஎம்டி சிப்தான். செலவு கன்சோலோடு முடியாது. புது கேம் ஒன்று நாலாயிரம், ஐயாயிரம். டிஸ்காக வாங்கினால் ஆடி முடித்து ரிச்சி தெருவிலோ பர்மா பஜாரிலோ தள்ளிவிட்டு, மேலே கொஞ்சம் போட்டு அடுத்ததை எடுக்கலாம். பழைய பிஎஸ்4 டிஸ்க்குகளும் பெரும்பாலும் இதில் ஓடும். மச்சினன் லாபம் என்று சொல்வது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் மாடலாக இருக்க வேண்டும். 2020 நவம்பரில் 34,990-க்கு வந்தது. அதில் டிஸ்க் போடும் வாயே கிடையாது. வாங்கிய கேமை விற்க முடியாது, பக்கத்து வீட்டுப் பையனிடம் மாற்றிக்கொள்ளவும் முடியாது. பிளேஸ்டேஷனிலும் டிஸ்க் போட முடியாத டிஜிட்டல் மாடல் விலை குறைவு என்று கடைக்காரர் காட்டுவார், அதே கதைதான். ஐந்தாறு கேமில் அந்த மிச்சம் போய்விடும். சீரிஸ் எக்ஸ் டிஸ்க் மாடல் மோசமில்லை, ஆனால் ரிச்சி தெருவில் பழைய டிஸ்க் கேட்டால் கை முதலில் பிளேஸ்டேஷன் அடுக்குக்குத்தான் போகிறது.

கரண்ட் பில் பற்றிப் பயம் வேண்டாம். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்துக்கு 25 யூனிட் பக்கம். 500 யூனிட்டை ஒட்டிப் போகும் வீடு என்றால் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அதைத் தாண்டினால் கீழ் ஸ்லாபுக்கும் ரேட் மாறும்.

கன்சோலுக்குக் கட்டச் சொல்லும் மாதச் சந்தா விஷயம் மட்டும் பாக்கி. நூற்றுக்கணக்கான கேம் இலவசம் என்பார்கள். ஸ்கூலும் டியூஷனும் போக உங்கள் பையனுக்குக் கிடைக்கும் நேரத்தில் இரண்டு கேம் முடித்தாலே அதிகம். காசு கொடுத்து வாங்கிய கேமை நண்பர்களோடு ஆன்லைனில் ஆடத்தான் சந்தா அவசியம்; இலவச கேம்களுக்கு அதுவும் தேவையில்லை. கன்சோல் கார்டு எண்ணைக் கேட்கும், கொடுக்காதீர்கள். 15,000 வரையிலான ஆட்டோ டெபிட்டுக்கு ஒவ்வொரு தடவையும் ஓடிபி வராது, 24 மணி நேரத்துக்கு முன்னால் ஒரு எஸ்எம்எஸ்தான், அதை யாரும் படிப்பதில்லை. அதற்குப் பதிலாக ஆயிரம் ரூபாய் வவுச்சர் ஒன்று வாங்கிப் பையன் கையில் கொடுங்கள். தீர்ந்தால் அடுத்தது பொங்கலுக்கு.